ஒரே மாதிரி இல்லாத ஆரஞ்சு

நவம்பர் 11, செவ்வாய். நேற்று பேனாவைக் கழுவிவிட்டு, உலரவிடாமல் மைக் கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே தங்கியிருந்த தண்ணீர் மையில் கலந்து, நிறத்தில் இல்லாத ஏற்ற இறக்கத்தைக் காட்டியிருக்கிறது. அதை நம்பி இந்த மையை வாங்கிவிட்டேன். தவறு என்னுடையது.

எழுதியதை இசக்கிசெல்வி மறுபடி படித்தாள். நான்கு வரிகளும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆரஞ்சாக, சுவருக்கு அடித்த வண்ணம் மாதிரி தட்டையாகக் கிடந்தன. எதிரே கட்டிலில் அக்கா பூமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் முன்னால்தான் நோட்டை எட்டிப் பார்த்து, "இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனதிலிருந்து பூமாரி அப்படித்தான். சோறு வைத்தால் சாப்பிடுவாள். விளக்கை அணைத்தால் படுத்துக்கொள்வாள். அழவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். கனமாக எதையும் தூக்கினாயா, பஸ்ஸில் நின்றுகொண்டே போனாயா, பப்பாளி தின்றாயா. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் அசைத்தாள். செல்விக்கும் அழுகை வரவில்லை. பகலில் சாலைத் தெருக் கடையில் பில் போட்டாள், மாலையில் கணக்கு வகுப்புக்குப் போனாள், வந்து டைரி எழுதினாள். தனக்கும் ஏதோ மரத்துப்போயிருக்கிறதா, இல்லை தன் இயல்பே இவ்வளவுதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

போன வாரம் அவள் பேனாவில் நீல மை நிரப்பிக்கொண்டிருந்தபோது பூமாரி வாயைத் திறந்தாள். "ஆரஞ்சு வாங்குட்டி. ஒரே மாதிரி இருக்கப்படாது. எழுத்துக்குள்ளயே அங்கங்க மங்கி, அங்கங்க கூடி வரணும்."

அத்தான் லிங்கம் தம்பானூர் ஓட்டல் வேலைக்கு நடுவில் போனில் கூப்பிட்டார். "அவளா கேட்டாளா? செரி. என்ன ஆனாலும் வாங்கிரு செல்வி. மாத்தி மட்டும் வாங்கிராத, கேட்டியா."

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் அவள் நேற்று கிழக்கேகோட்டைக் கடையில் நின்றாள். கடைக்காரர் தாணுமாலயன் மூன்று ஆரஞ்சு மைப் புட்டிகளைத் திறந்து வைத்தார். அவள் ஒவ்வொன்றிலும் நிப்பை முக்கி, அவர் கொடுத்த வழவழப்பான அட்டையில் எழுதி, காயவிட்டு, விளக்கடியில் பிடித்துப் பார்த்து, மறுபடி முதல் புட்டிக்கு வந்தாள்.

"மோளே, இது நாரங்கா மிட்டாய் நெறம். இது செவ்விளநி. மூணாமத்தது இன்னும் பழுக்கல்ல" என்றார் அவர். "பெண்ணு காணப் போறவன்கூட இத்தன நேரம் நோக்கமாட்டான்."

"எனக்கில்ல, அக்காவுக்கு."

"அது செரி. அக்காவுக்கு எது இஷ்டம்?"

அக்காவுக்கு இப்போது எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? செவ்விளநீர் நிறத்தில்தான் எழுத்து மெலிதாகத் தொடங்கி, நிப் நின்று திரும்பிய இடங்களில் சிவப்பாக அடர்ந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டாள்.

இப்போது நோட்டை மூடி, "நாளைக்கு மாத்திட்டு வாரேன். தப்பு என்னோடதுதான்க்கா. பேனால தண்ணி இருந்திருக்கு" என்றாள்.

பூமாரி எழுந்து அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்து வந்தாள். அந்த வீட்டில் யாரும் தொடாத பொருள் அது. அதிலிருந்து ஸ்கேன் படங்கள் அச்சிட்ட தாளை உருவி மேஜைமேல் வைத்தாள். வழவழப்பான, கனத்த தாள்.

"அக்கா, அதுல வேண்டாம்."

"நீ தாயேன்."

பேனாவை வாங்கினாள். தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மை உறிஞ்சப்படாமல் தாளின்மேல் ஈரமாக நின்றது. இருவரும் அது காய்வதைப் பார்த்தார்கள். 'பூ'வின் மேல்வளைவு வெளிறிக்கொண்டே வந்தது. 'மா'வின் அடியில் நிறம் தேங்கிச் சிவந்தது.

"ஒன் நோட்டுத்தாள் எல்லாத்தையும் குடிச்சிருதுட்டி. மை நல்லாத்தான் இருக்கு."

"நான் தண்ணியாலன்னுல்லா நெனச்சேன். தப்பு பண்ணிட்டேன்னு..."

"எல்லாத்துக்கும் யாராச்சும் தப்பு பண்ணியிருக்கணுமா, ஏட்டி?"

பூமாரியின் குரல் உயரவில்லை. அவள் இன்னொரு முறை எழுதத் தொடங்கினாள், இம்முறை மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நிப்பைக் கொஞ்சம் நிறுத்தி. தாளின் மறுபக்கத்தில் கறுப்பும் சாம்பலுமாக என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். யாரும் திருப்பவில்லை. ஈரமான எழுத்துகளில் குழல்விளக்கின் வெளிச்சம் நீளமாக மின்னி, மை காயக் காய ஒவ்வொன்றிலும் அணைந்துகொண்டிருந்தது.

அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகு செல்வி நோட்டைத் திறந்து, கீழே ஒரு வரி சேர்த்தாள்.

நாளை: வழவழப்பான தாள் வாங்க வேண்டும். கடைக்கு அக்காவும் வருகிறாளா என்று காலையிலேயே கேட்க வேண்டும்.