மோட்டார் போடும் நேரம்

ஃப்ரீசரின் பின்தட்டைக் கழற்றியதும் மெக்கானிக்கின் கை ஓய்ந்துவிட்டது. குளிரூட்டும் குழாய்ச் சுருள் முழுக்க மறுபடியும் ஐஸ், சுவர் மாதிரி. பத்து நாளைக்கு முன்புதான் ஐஸை உருக்கும் ஹீட்டரை மாற்றினான். அதற்கு முன்பு சென்சார். இரண்டும் மீட்டரில் சரியாகத்தான் காட்டின, ஆனால் ஐஸ் உருகவில்லை. குளிர்காற்று இறங்காமல் கீழ்த்தட்டு வெதுவெதுவென்று கிடந்தது. அங்கே இருந்தது அரை எலுமிச்சம்பழமும், டிபன் டப்பாவுக்குள் இரண்டு இன்சுலின் பாட்டிலும்தான்.

ஒரே வீட்டிலிருந்து ஒரே புகார் மாதத்தில் மூன்று முறை வந்து, மூன்றாவது முறையும் கோளாறு இன்னதென்று காட்ட முடியாவிட்டால் கம்பெனி ஆப்பில் அவனுடைய ஐடியைப் பூட்டிவிடும். ஐடி போனால் வேலை போச்சு. இது மூன்றாவது முறை.

"இன்னிக்காவது பிடிபடுதா தம்பி?" தையல் கம்பெனியில் அன்றைக்குப் பகல் ஷிப்ட் முடிந்து வந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "போன வாரம் மருந்து கெட்டுப்போயி, மிஷின் மேலயே மயங்கி விழுந்துட்டேன்."

"பாத்துட்டேதான் இருக்கேன்க்கா. இது என் கழுத்தை அறுக்காம விடாது போல."

"நீங்க வந்தாத்தான் இந்த வீட்டுல இன்னொரு குரல் கேக்குது. பாத்திரம் கீழ விழுந்தாக்கூட நானேதான் 'யாரு'ன்னு கேட்டுக்கறேன்."

அவன் சிரித்தான். அவனும் லாட்ஜில் தனி ஆள்தான். காலையிலிருந்து மற்றவர்கள் அவனிடம் பேசியது "செருப்பை வெளிய விடுங்க" என்பது மட்டும்தான்.

ஆறு மணிக்கு விளக்கு அணைந்தது. ஃப்ரிட்ஜின் இரைச்சலும் நின்றது.

"கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல, கீழ ஓனர் தண்ணி மோட்டார் போடுறாரு. மாடி லைனை அணைச்சாத்தான் மோட்டார் எடுக்கும். அரை மணி நேரத்துல வந்துடும்."

"தினமுமா?"

"காலைல ஆறு மணி, மத்தியானம், சாயங்காலம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பன்னிரண்டு மணி நேரம் விடாமல் ஓடினால்தான் இந்த ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு ஐஸை உருக்க ஹீட்டரைப் போடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து எண்ணும்.

"இதை ஏன்க்கா மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

கேட்கத்தான் இல்லை. இரண்டு முறையும் காலை பத்து மணிக்கு வந்தான், மீட்டரை வைத்துப் பார்த்தான், போய்விட்டான்.

கீழே இறங்கி ஓனரிடம் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் கேட்டான். "அந்தம்மாவுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா வேற வீடு பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் அவர், மோட்டார் சுவிட்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படியில் நின்றே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"மோட்டாரெல்லாம் கோளாறு லிஸ்ட்ல இல்லப்பா. போர்டு போச்சுன்னு போட்டு, புதுசு மாத்தி, காசை அந்தம்மாகிட்ட வாங்கு. உன் ஐடி தப்பிச்சிடும்."

"புதுசும் இப்படித்தானே சார் எண்ணும்?"

"அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும்ல?"

மேலே அக்கா மெழுகுவத்தியோடு நின்றிருந்தாள். "எவ்வளவு ஆனாலும் சொல்லுங்க தம்பி. எப்படியாவது பொரட்டிக் குடுத்துடறேன்."

அவன் பையைத் துழாவினான். பையின் அடியில், உடைசலுக்குப் போன ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றி வைத்த, ஹீட்டரைப் போடும் பழைய டைமர் கிடந்தது. கரண்ட் போனால் அதன் சக்கரம் அப்படியே நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுற்றும். வெளிப் பொருளை மாட்டக் கூடாது என்பது கம்பெனி சட்டம். மாட்டினான். வெந்நீர் ஊற்றி ஐஸை உருக்கினான். விளக்கு வந்து, சக்கரம் டிக்டிக்கென்று நகர்வதைக் காதை வைத்துக் கேட்டபின் தட்டை மூடினான்.

போனில் 'போர்டு' என்பதைத் தாண்டிப் போய் 'கோளாறு இல்லை' என்பதைத் தொட்டான். 'உங்கள் ஐடி முடக்கப்பட்டது' என்று திரை சொன்னது. போனைக் கவிழ்த்து வைத்தான்.

"என்னாச்சு தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. இனிமே ஐஸ் கட்டாது."

"அப்ப இனி வர மாட்டீங்க" என்றாள். அவளுக்கு அது சந்தோஷமாக இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கையில் ஜில்லென்றிருந்த இன்சுலின் பாட்டிலோடு அக்கா போனை எடுத்தாள். கம்பெனியிலிருந்து பதிவு செய்த குரல். மெக்கானிக்கின் சேவை திருப்தி என்றால் ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

"ஹலோ, அந்தத் தம்பி நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

குரல் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது.