தக்கோலத்தில் சாக மறுத்த தலைமையாசிரியர்

1

இந்தக் கதைக்கு ஊற்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ. நாற்பது விநாடி. நெஞ்சில் அம்பு தைத்த சோழ இளவரசர் ஒருவர் யானைமேல் அமர்ந்திருக்கிறார். சாகவில்லை. கைக்கடிகாரத்தில் மணி பார்க்கிறார். அவர் யார், யார் எடுத்தது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் புகார் மனு எழுதியிருப்பேன். தெரியாததால் கதை எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கி.பி. 949. தக்கோலப் போர்க்களத்தின்மேல் குருதிச் செவ்வானம் கவிந்து..."

[கவிந்து என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன். என் கதை நடக்கும் இடம் திருவரங்குளம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் சைக்கிள் கொட்டகை. அங்கிருந்து பார்த்தால் வானம் தெரியாது, தகரம்தான் தெரியும்.]

2

மரிய செல்வி டீச்சரிலிருந்து தொடங்குவதே முறை. ஆவூர்க்காரர், சமூக அறிவியல். மாவட்டத்துப் பள்ளிகள் ஆளுக்கொரு வரலாற்றுப் பாடத்தை நான்கு நிமிட வீடியோவாக எடுக்க வேண்டும் என்று உத்தரவு. இவர்கள் பள்ளிக்கு விழுந்தது தக்கோலப் போர். இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே அம்பு பட்டு இறந்தார், சோழர்கள் தோற்றார்கள். பாடம் அவ்வளவுதான்.

அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். வீடியோவின் கீழே "பாடக் கருத்து: மரிய செல்வி" என்று வரும். பதினேழு வருட வேலையில் அவர் பெயர் வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே போவது அதுதான் முதல் தடவை. தப்பாகப் போனால் தப்பும் அவர் பெயரிலேயே மாவட்டம் முழுக்கப் போகும்.

யானை என்பது மூன்று பெஞ்சும் அவற்றின்மேல் போர்த்திய சாம்பல் நிறக் கார் கவரும். தும்பிக்கை, செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய்.*

* குழாய் பச்சை நிறம். வீடியோ எடுக்க வந்த கணக்கு ஆசிரியர் சரவணக்குமார் இதை ஆட்சேபித்தார். சாக்பீஸ் கரைத்துப் பூசினார்கள். இப்போது யானைக்குத் தேமல் வந்தது போல் இருக்கிறது.

3

இளவரசர் யார் என்பதில் விவாதமே எழவில்லை. பள்ளியில் உயரமான இருக்கை எதுவானாலும் அது தலைமையாசிரியர் உடையப்பனுக்கு. கிரீடம் வைத்துக்கொண்டார். சொந்த மீசைமேலேயே ஒட்டுமீசையும் ஒட்டிக்கொண்டார். டீச்சர் எழுதிக் கொடுத்த காட்சியில் முதல் பக்கத்தைப் படித்திருந்தார். சாவு இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

எதிரி மன்னனாக வந்த உடற்கல்வி ஆசிரியர் ராமு அம்பு விட்டார். பசை தடவிய அம்பு நெஞ்சில் நன்றாகவே ஒட்டியது. உடையப்பன் மணி பார்த்தார்.

"சார், இப்ப நீங்க சாகணும்" என்றார் மரிய செல்வி.

"யாரு?"

"நீங்கதான் சார். ரெண்டாம் பக்கம்."

"டீச்சர், ரிட்டையராக எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. இப்பப் போயி சாகச் சொல்றீங்க."

"நடிப்புதானே சார்."

"நடிப்புன்னு எமனுக்கு யாரு சர்க்குலர் அனுப்புறது?"

சந்தேகத்துக்கு வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி கண்ணாத்தாளின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது: "செத்துட்டு இங்கிட்டு வராதீங்க. அங்கிட்டே இருந்துக்கங்க."

ராமு சமாதானத்துக்கு வந்தார். "சினிமாவுல பொணமா நடிச்சவுகள ஒடனே சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துருவாங்க சார். தோசம் கழிஞ்சிரும்."

"எடுக்குறதுக்குள்ள சார்ஜ் தீந்துட்டா?"

4

இந்த இடத்தில் எனக்கு உடையப்பன்மேல் கோபம் வந்தது. ஒரு வாக்கியத்தில் கதையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். "உடையப்பன் மெல்லக் கண்மூடி, தலை சாய்ந்து, மூச்சு..."

[முடியவில்லை. எதற்கு வம்பு என்று அடுத்த வரியில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன்.]

டீ குடித்ததும் அவர் வரலாற்றைத் திருத்தத் தொடங்கினார்.

"காயம்பட்டு மெடிக்கல் லீவுல போயிட்டாருன்னு வச்சுக்குவோம்."

"அவரு திரும்ப ஜாயின் பண்ணலையே சார்."

"அப்ப ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி சுமுகமா முடிச்சுக்கிட்டாங்க."

"யாரு ஜெயிச்சதுன்னு பிள்ளைங்க கேக்குமே சார்."

"யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல. நிர்வாகம்னா அதான் டீச்சர்."

5

மூன்று முப்பத்தைந்து. மரிய செல்வி கைப்பையை ராமுவிடம் கொடுத்தார். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டார்.

"எறங்குங்க சார். நான் சாகுறேன்."

"நீங்களா?"

"மீசைய மட்டும் குடுங்க."

உடையப்பனுக்கு இப்போதுதான் உண்மையில் அம்பு தைத்தது. "ஹெச்.எம். கீழ நிக்க, டீச்சர் யானைமேலயா? மாவட்டமே பாக்கும்."

"பாக்கட்டும் சார். சோழர் தோத்ததையும் சேத்துப் பாக்கட்டும்."

"அப்ப எனக்கென்ன வேசம்?"

"தும்பிக்கைய ஆட்ட ஆள் இல்ல சார்" என்றார் ராமு, பணிவாக.

உடையப்பன் கிரீடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதன் மறுபக்கத்தை மரிய செல்வி பிடித்தார். சரவணக்குமார் மறுபடியும் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டார்.

6

என்னிடம் இரண்டரை முடிவுகள் இருக்கின்றன.

அ) பதவியா உயிரா என்று வந்தபோது உடையப்பன் பதவியைத் தேர்ந்தெடுத்து, மிக அருமையாகச் செத்தார். கண்ணாத்தாள் சொன்னபடியே வாசல் கதவைப் பூட்டினார்.

ஆ) மரிய செல்வி செத்தார். மாவட்டம் முழுக்க ஏழாம் வகுப்புகளில் ஒரே கேள்வி: இளவரசர் ஏன் வளையல் போட்டிருக்கிறார்?

இ) யானை நடுவில் பிளந்து இருவரும்...

எனக்கு எதிலும் திருப்தியில்லை. கிரீடம் அந்தரத்தில் இருக்கிறது, மணி மூன்று ஐம்பது, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: யானைமேல் யார் இருந்தாலும் சாக வேண்டும். அது ஆயிரம் வருடத்துக்கு முன்பே முடிந்துபோன சங்கதி. அதை மாற்ற எனக்கும் அதிகாரமில்லை, உங்களுக்கும் இல்லை, தலைமையாசிரியருக்கும் இல்லை.

(மேற்படி வாக்கியத்தின் கடைசிப் பகுதியை நீக்கக் கோரிப் பள்ளி முத்திரையுடன் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பரிசீலனையில் உள்ளது.)