மின்னலும் பாறையும்

சக்கரபாணியின் வலது கண்ணை டாக்டர் கறுப்பு மட்டையால் மூடிவிட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சமாக இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். சக்கரபாணி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “எழுத்து இருக்குதுனு தெரியுது சார். இன்னா எழுத்துனுதான் தெரியல” என்றார். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். பின்னால் நின்றிருந்த மகள் கவிநிலாவும் மருமகன் வளவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சது. அதுக்கப்புறம் கிருமி சேர்ந்திருக்கு” என்ற டாக்டர் அவர்கள் பக்கம் திரும்பினார். “சொட்டு மருந்து வேளாவேளைக்குப் போட்டீங்களா?”

“போட்டாங்க சார்” என்றார் சக்கரபாணி, மற்ற இருவரும் வாய் திறப்பதற்கு முன்பே.

இந்தக் கண்ணில் இனி இவ்வளவுதான் பார்வை என்று டாக்டர் சொன்னார். தூசியில் போகக்கூடாது, வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக்கூடாது, இன்னும் சில மாதம் அடிக்கடி வந்து காட்ட வேண்டும். தண்டராம்பட்டுப் பக்கத்தில் சக்கரபாணியின் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆயும் சமயம் அது. ஆட்களை வைத்து அவருடைய மனைவி பார்த்துக்கொள்வார் என்று முடிவானது. அவர் வேங்கிக்காலில் மகள் வீட்டிலேயே தங்கினார்.

ஆட்டோவில் திரும்பும்போது சக்கரபாணிதான் பேச்செடுத்தார். “எம்மேலயும் தப்பு இருக்குது மாப்ள. மருந்து நேரத்துல நீங்க ரெண்டு பேரும் உள்ள ஆபீஸ் வேலையா பேசிக்கினு இருந்தீங்க. நானே ஒரு கொரல் குடுத்திருக்கலாம். தொந்தரவு பண்ண வேணாம்னு வுட்டுட்டேன்.” வளவன் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினான். அது ஆபீஸ் வேலை இல்லை.

வளவன் கலெக்டர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கவிநிலா செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் இருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஊரடங்கு வந்தது. பார்த்து முடித்த கல்யாணம். ஒருவருக்கு ஒருவர் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரே வீட்டுக்குள் நாள் முழுக்க இருந்தார்கள். வளவன் அதற்கு முன்பிருந்தே கணினியில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் கூடி, கூட்டம் சேர்த்து, கோட்டைகளைப் பிடிக்கும் விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம். ஒருநாள் அவள் பின்னால் வந்து நின்று, “நானும் வரலாமா?” என்று கேட்டாள். அவள் ‘மின்னல்’ என்று பெயர் வைத்துக்கொண்டாள். காயம்பட்டவர்களுக்கு உயிர் கொடுக்கும் வேஷம். அவன் ஏற்கெனவே ‘பாறை’. கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குபவன்.

சீக்கிரமே அவள் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஆகிவிட்டாள். பகல் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து, வெந்நீர் வரவில்லை என்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் பேசிக் களைத்தவள், சாயங்காலம் காதில் ஹெட்செட்டை மாட்டியதும் வேறு ஆளாகிவிடுவாள். “பாறை, நீ முன்னாடி போ. நான் சொல்ற வரைக்கும் திரும்பிப் பாக்காத” என்பாள். வளவனுக்கு அந்தக் குரல் பிடிக்கும். அந்தக் குரல் சொன்னால் எதற்குள்ளும் போகலாம் என்று இருக்கும். ஜெயித்த பிறகு இருவரும் நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள், யார் எங்கே தவறவிட்டது, யாருக்கு யார் கைகொடுத்தது என்று. ஹெட்செட்டைக் கழற்றினால் “என்னங்க, தோச வாங்கிட்டு வந்துடுறீங்களா?” என்பாள். பிள்ளை இல்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, கணினி இருந்த அறைக் கதவை இன்னும் சீக்கிரம் சாத்திக்கொண்டார்கள்.

சக்கரபாணிக்குக் கண் ஆபரேஷன் ஆன வாரம், விளையாட்டில் ஒரு பெரிய போர் முடிகிற வாரம். மருந்தை அவள் போட்டிருப்பாள் என்று அவன் நினைத்தான், அவன் போட்டிருப்பான் என்று அவள் நினைத்தாள். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே ஆனது. கண் சிவந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தபோதுதான், பாட்டில் ஏறக்குறைய நிரம்பியே இருப்பதைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கவிநிலா இரண்டு மடிக்கணினிகளையும் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். “எடுத்துடலாங்க” என்றாள். இருவரும் விளையாட்டைக் கணினிகளிலிருந்து அழித்தார்கள். இத்தனை வருடம் கட்டியதை விட்டு வர டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் சக்கரபாணி டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

விட்டது பெரிய கஷ்டமாக இல்லை. விட்ட பிறகு வந்த சாயங்காலங்கள்தான் கஷ்டமாக இருந்தன. வளவன் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, முகம் கழுவி உட்கார்ந்தால், அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. சட்னியில் உப்பு ஜாஸ்தி, பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், பௌர்ணமிக்குப் பஸ் மாற்றுப் பாதையில் போகும் என்று பேசினால் பேச்சு முடிந்துவிடும். இத்தனை வருடம் ஓயாமல் பேசியதெல்லாம் கோட்டைகளைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரே வண்ண மிட்டாய்களைச் சேர்த்து உடைக்கும் விளையாட்டைப் போனில் இறக்கிப் பார்த்தான். நினைத்தபோது எடுக்கலாம், நினைத்தபோது வைக்கலாம், யாரும் காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்க யாருமே இல்லை என்பதுதான் அதில் சலிப்பாக இருந்தது. ஷட்டில் மட்டை இரண்டு வாங்கி, தெருமுனை காலி மனையில் இருவரும் ஆடினார்கள். காற்று பந்தை எடுத்துக்கொண்டு போனது. கட்டட வேலைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் மறுநாள் வரவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையைச் சுற்றிக் கிரிவலப் பாதையில் நடக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பக்தி என்று பெரிதாக இல்லை. நடந்தால் பேச வேண்டியதில்லை, பேசாமல் நடப்பது அந்தப் பாதையில் யாருக்கும் வித்தியாசமாகவும் தெரியாது.

அப்படி நடக்க ஆரம்பித்த சில வாரங்களில் ஆதவன் போன் செய்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன், அவர்களுடைய கூட்டத்தில் இருந்தவன். “அண்ணா, நீங்க எப்பண்ணா திரும்ப வருவீங்க?” என்றான். வர மாட்டேன் என்றான் வளவன். “அக்கா மட்டும் வராங்களேண்ணா. நேத்துகூட மத்தியானம் வந்தாங்க. சண்டைக்குக் கூப்ட்டாத்தான் வர மாட்றாங்க.”

வளவன் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். கோபம்தான் வந்தது. அப்பாவின் கண் போனது அவளுக்கு உறைக்கவில்லையா என்று நினைத்தான். அந்த நினைப்பு நியாயமில்லை என்றும் தெரிந்தது, ஏனென்றால் தானும் ஒரு தடவை விளையாட்டைத் திரும்ப இறக்கி, பாஸ்வேர்டை அடித்துவிட்டுக் கடைசி எழுத்தில் நிறுத்தியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நடந்து பாதி தூரம் வந்து, மரத்தடியில் சுக்குக் காபிக் கடையில் உட்கார்ந்தபோது கேட்டுவிட்டான்.

“ஆதவன் போன் பண்ணான், கவி. நீ இன்னும் வர்றியாம்.”

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. “ஆமா” என்றாள். “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. சாப்பாட்டு நேரத்துல.”

“எதுக்கு?”

“சண்டைக்குலாம் போகல. உங்க ஆளு பாறை அங்க மண்டபத்துல தூங்கிக்கிட்டு இருக்கான். நீங்க இல்லன்னா அவன் தூங்குவான் இல்ல? கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வருவேன். அவ்ளோதான்.”

காவி கட்டிய ஒருவர் அவர்களுக்கு எதிரே செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வளவன் டம்ளரைக் கீழே வைத்தான். “இன்னும் அந்தச் செவப்புப் போர்வதான் போத்தியிருக்கானா?” என்றான்.

“ம்.”

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளே சொன்னாள். “அங்கன்னா உங்கள வா போனு பேசுவேன். நீ பண்ணது தப்புனு திட்டுவேன். இங்க வாய் வர மாட்டேங்குது.”

“இங்கயும் திட்டேன். யாரு வேணாம்னது?”

“வீட்ல அப்பா இருக்காரு” என்றாள். இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. மீதிப் பாதையைப் பேசாமல்தான் நடந்தார்கள். ஆனால் அவள் அடிக்கடி அவன் வேகத்துக்கு வந்து சேர்ந்துகொண்டாள். அதன் பிறகு அவள் போகிறாளா, நிறுத்திவிட்டாளா என்று அவன் கேட்கவில்லை.

கேரம் போர்டு வந்தது தற்செயலாகத்தான். விடுதியின் மொட்டை மாடியைக் காபிக் கடையாக மாற்றியபோது, பழைய சாமான்களோடு அதையும் வெளியே போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் வலை கிழிந்திருந்தது. கவிநிலா ஷேர் ஆட்டோவில் அதை நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வழியெல்லாம் திட்டினார்களாம். பவுடர் தூவிக் கூடத்தில் போட்டதும், சக்கரபாணி டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் நன்றாக ஆடவில்லை. ஆனால் நன்றாக ஏமாற்றினார். அடிக்கும் கட்டையை நகர்த்தும் சாக்கில், விரல் நுனியால் ஒரு காயைக் குழி வாய்க்குத் தள்ளிவிடுவார். மகள் அடித்த வெள்ளைக் காயைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொள்வார். “கண்ணு தெரியல மாப்ள. கறுப்புனு நெனச்சேன்” என்பார். அதற்கு மேல் இருவராலும் எதுவும் சொல்ல முடியாது. அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஆட்டம், போரடித்தால் பாதியில் கலைத்துவிடலாம். ஆனாலும் வளவனுக்கு அந்தக் கண்ணைக் காட்டி அவர் எடுக்கும் ஒவ்வொரு காயும் அவர்கள் கொடுக்கும் அபராதம் போலத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழைக்கு மூட்டமாக இருந்தது. சக்கரபாணி சிவப்புக் காயை விரலால் மெதுவாகக் குழிப் பக்கம் நகர்த்தினார். வளவன் தன்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

“மாமா. அது உங்களுக்கு நல்லாத் தெரியுது.”

சக்கரபாணி மருமகனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். “எவ்ளோ நாளாச்சு இதக் கேக்குறதுக்கு! ரெண்டு பேரும் ஊமையாட்டம் உக்காந்துக்கினு இருந்தீங்க. எனக்கே சப்புனு ஆயிடுச்சு.”

“அப்பா” என்றாள் கவிநிலா. குரல் உடைந்தது. “அன்னிக்கு நாங்க உள்ள ஆபீஸ் வேல பாக்கல.”

“தெரியும்மா. ஆபீஸ்ல எவனாவது ‘வெட்டு, வுடாத வெட்டு’னு கத்துவானா?” அவர் சிவப்பை எடுத்து நடுவில் திரும்ப வைத்தார். “கோவம் வந்துது. வராமலா இருக்கும்? உங்கம்மாகிட்ட போன்ல சொல்லி அழுதேன். அதுக்குனு நீங்க ரெண்டு பேரும் இப்டி சாவு வூடு மாதிரி இருந்தா என் கண்ணு வந்துடுமா? உன் ஆட்டம், அடி.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். எங்கே குறி வைத்தாளோ, தேவைக்கு மேல் பலமாக விழுந்தது அடி. சிவப்புக் காய் எதிர்ப்பக்க மரச் சட்டத்தில் மோதி எகிறித் தரையில் உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

வெளியே முதல் தூறல் விழுந்தது. மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. வளவன் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு பீரோவின் ஒரு பக்கம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தான். கவிநிலா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் படுத்தாள். தூசியும், ஒரு வளையல் துண்டும், எப்போதோ விழுந்த பேனா மூடியும் கிடந்தன. காயைக் காணோம். அவன் வெளிச்சத்தை இன்னும் உள்ளே நீட்டினான். பீரோவின் குட்டைக் கால்களுக்கு நடுவே, தரையோடு தரையாக அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் ஒட்டடை ஒட்டியிருந்தது. அவள் வெளிச்சக் கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“கெடச்சுதா?” என்று மேலேயிருந்து சக்கரபாணி கேட்டார். “இன்னும் தேடுறோம்ப்பா” என்றாள் கவிநிலா, பார்வையை அவனிடமிருந்து எடுக்காமல்.