வெறும் சம்பிரதாயம்

சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லா போட்ட குழந்தையை மைசூரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஜெசிகா பார்த்தாள், அதுவும் தன் வீட்டு வாசலிலேயே. ஹனூரில் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்த அவள் கணவன் மகேந்திரனின் தோளில், காதெல்லாம் மூடிய ரோஸ் நிறக் குல்லாவோடு மகள் தமிழ்ப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வேர்வை ஓடியது.

ஜெசிகா நர்ஸ். முதலில் நெற்றியில்தான் கை போனது.

"காய்ச்சலா மகி?"

"காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல. தூங்கட்டும் உடு."

சொல்லிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான். செருப்புக் கழற்ற இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். ஜெசிகா குல்லாவை உருவினாள். உள்ளே மழுமழுவென்று ஒரு மண்டை. அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம். ஜெசிகாவின் அப்பா குழந்தைசாமியின் சுருட்டை முடி அப்படியே பேத்திக்கு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்ன முடி. அதில் ஒரு இழைகூட மிச்சமில்லை.

குழந்தை கண்ணைத் திறந்தது. "அம்மா, மாதப்பாவுக்கு முடி குடுத்துட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தொடர்ந்து டூட்டி என்பதால்தான் ஜெசிகா அவன் ஊருக்குப் போகவில்லை. பாட்டி பார்க்க ஆசைப்படுகிறாள், போய்விட்டு வருகிறோம் என்றுதான் மகேந்திரன் குழந்தையைக் கூட்டிப் போனான். பக்கத்தில் மாதப்பா சாமி இருக்கிற மாதேஸ்வரன் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"யாரைக் கேட்டு மொட்டை போட்டே?"

"டெங்கு வந்துச்சில்ல, அப்ப என்ற அம்மா வேண்டிக்கிச்சாம். எனக்கே அங்க போயித்தான் தெரியும். அது அழுவுது ஜெசி. நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்குப் போன் பண்ணிருக்கலாம்."

"பண்ணியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

அன்று அவன் சொன்னதிலேயே கலப்படம் இல்லாத உண்மை அந்த ஒன்றுதான். டெங்கு வந்தபோது ராத்திரி பகலாக உட்கார்ந்து ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தவள் ஜெசிகா. புண்ணியம் மட்டும் மலைக்குப் போயிருக்கிறது. சரி, அதுகூடப் போகட்டும்.

"நம்ம ஒப்பந்தம் என்ன ஆச்சு?"

"ஒப்பந்தம் மதத்தப் பத்தித்தான? இது மதமா? எங்க ஊருப் பக்கம் எல்லாரும் பண்றது. வெறும் சம்பிரதாயம். முடிதான, வளந்துரும்."

"டிக்கெட் வாங்கி, வரிசையில நின்னுதானே மொட்டை போட்டீங்க?"

"ஆமா. கூட்டம் அப்புடி."

"டிக்கெட் குடுக்கிற இடத்துக்குப் பேரு என்ன மகி? நீதானே மேடை மேடையா சொல்லுவே, மதம்னா ஒரு நிறுவனம்னு."

"சும்மா வார்த்தையப் புடிச்சுக்காத."

கோபம் தலைக்கேறினால் ஜெசிகாவுக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். "சாக்கு பிடு" என்றாள். போதும் விடு என்று அர்த்தம். மகேந்திரன் விட்டிருக்கலாம். விடாமல், சட்டையைக் கழற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான்.

"நாளைக்கு வட்டத்து விவாதத்துல நான்தான் பேசறேன். பாப்பாவக் கூட்டிட்டு வராத. வந்தாலும் குல்லா இருக்கட்டும். எதிரணிப் பிரசாந்த் கண்ணுல பட்டா என்னை உட்டுவைக்க மாட்டான்."

அப்போதுதான் அவளுக்குக் குல்லாவின் ரகசியம் விளங்கியது. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில், சித்திரையில், கம்பளிக் குல்லாவைத் தேடி வாங்கியிருக்கிறான் மனுஷன். குழந்தைக்காக இல்லை, தன் பேருக்காக.

*

இவர்கள் இரண்டு பேரும் காதலித்ததே சண்டை போட்டுத்தான். மைசூரில் வேலைக்கு வந்த தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ட்யூஷன் சென்டர் மாடியில் கூடி, ஏதாவது ஒரு தலைப்பை எடுத்து வாதாடுவார்கள். ஞாயிறு வட்டம் என்று பேர். ஹெப்பாளில் ஃபேக்டரி சூப்பர்வைசரான மகேந்திரன் அங்கே மதத்தைக் கிழிகிழியென்று கிழிப்பான். கல்லறையில்கூடச் சாதிக்கு ஒரு சுவர் வைத்தவர்கள், கோயில் வாசலில் மனுஷனை நிறுத்தி வைத்தவர்கள் என்று அடுக்குவான். ஜெசிகா விடமாட்டாள். அப்பாவுக்கு வேலை போனபோது கேட்காமலேயே அரிசி கொண்டுவந்து இறக்கியது சர்ச் ஆட்கள். தன்னை நர்சாக்கியது கன்னியாஸ்திரிகள். இதையெல்லாம் யார் செய்தது என்பாள்.

"செஞ்சது மனுசங்க. பேரு வாங்கிட்டது மதம்" என்பான் அவன்.

அழகாகத்தான் பேசினான். அவள் தோற்றது வாதத்தில் இல்லை. அவனைப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. சர்ச்சும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், குழந்தை பிறந்தால் வளர்ந்து அதுவே முடிவு செய்யட்டும் என்று இரண்டு பேரும் கை அடித்துக்கொண்டார்கள். மகளுக்குப் பேர்கூட எந்தச் சாமியும் ஒட்டாத பேராகத் தேடி வைத்தார்கள்.

ஒப்பந்தத்துக்காக ஜெசிகா விட்டுக்கொடுத்தது என்னவென்று கேட்டால், ஒரு பட்டியலே வரும். ஞாயிறு பூசை. கிறிஸ்துமஸ் ராத்திரி. சின்ன வயதிலிருந்து பாடிய பாடற்குழு. பாதர்தான் அவள் பேரைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னார், ரெஜிஸ்டர் கல்யாணம் செய்தவள் என்று. அந்த வலியும் உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. "பாத்தியா?" என்று மகேந்திரன் அப்போது ஜெயித்த முகத்தோடு கேட்டான். மகேந்திரன் விட்டுக்கொடுத்தது என்ன? இத்தனை வருஷத்தில் அவள் அதை யோசித்ததே இல்லை. மொட்டை மண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிதான் யோசித்தாள். ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் மெஷினுக்குப் பொட்டு வைத்தான். அது வேலை. ஊர்ப் பண்டிகைக்குப் போனான். அது சொந்தபந்தம். இப்போது இது சம்பிரதாயம். அவளிடம் இருந்ததற்கு மட்டும்தான் மதம் என்று பேர்.

போன வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் ஜெசிகா டூட்டியில் இருக்கும்போதெல்லாம் முறை வைத்து வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்தவர்கள் அதே சர்ச் பெண்கள்தான். சாகிற வாரம் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் அடக்கத்துல நீ பாடணும் ஜெசி. வேற யாரு பாடினாலும் எனக்குக் கேக்காது" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

அடக்கத்தன்று சர்ச் கேட்டருகே மகேந்திரனோடு நின்றாள். பெட்டி உள்ளே போயிற்று. பாடற்குழுவை நடத்துகிற ரோசலின் அக்கா வேகமாக வெளியே வந்தாள். "பாதர்கிட்ட நான் பேசிட்டேன், ஒண்ணும் சொல்ல மாட்டார். வா, ஒரு பாட்டு பாடிட்டுப் போ" என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடிக்க ஜெசிகாவின் கை எழுந்துவிட்டது. இன்னொரு கை மகேந்திரனிடம் இருந்தது. அவன் இறுக்கிப் பிடித்தான்.

"இன்னைக்கு உள்ள போனா நாளைக்கு எல்லாத்துக்கும் போகோணும் ஜெசி. பாத்துக்க" என்றான், மெதுவாக, பாசமாக.

அவள் போகவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே வேறு யாரோ பாடியது காற்றில் அரைகுறையாக வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வட்டத்துக்குப் போனாள். சண்டை போடப் போகவில்லை. அந்த வாய் இன்று என்னதான் பேசும் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. குல்லாவோடுதான் கூட்டிப் போனாள், அவன் சொன்னபடியே. கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அன்றைய தலைப்பு, அமைப்பாகத் திரண்ட மதத்தால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா. பேங்கில் வேலை பார்க்கிற சந்தோஷ்குமார் நடுவர். நன்மை என்று பேச வந்த பிரசாந்த் வாத்தியார், பள்ளிக்கூடம், அனாதை இல்லம், அன்னதானம் என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்து மகேந்திரன் எழுந்தான். மேடை ஏறினால் அவனுடைய ஊர்ப் பேச்சு ஓடிப்போய்விடும்.

"புள்ளிவிவரம் வேண்டாம், தோழர்களே. என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்" என்றான். ஜெசிகா நிமிர்ந்தாள். ஒரு கணம், ஒப்புக்கொள்ளப் போகிறான் என்றே நம்பினாள். நெஞ்சு இளகிக்கூடப் போயிற்று.

"என் மாமனார் குழந்தைசாமி இறந்தார். அவருக்கு ஒரே மகள். அந்தச் சர்ச்சில் சின்ன வயதிலிருந்து பாடியவள். அப்பாவின் அடக்கத்தில் பாட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. ஆனால் அன்று அந்தப் பெட்டி உள்ளே, மகள் கேட்டுக்கு வெளியே. நான் பக்கத்தில் நின்றேன், அவள் கை நடுங்கியது எனக்குத் தெரியும். பெற்ற அப்பனின் பெட்டியிலிருந்து மகளைப் பிரித்து வெளியே நிறுத்துகிற ஒன்று, ஆயிரம் பள்ளிக்கூடம் கட்டினால்தான் என்ன?"

ஹாலில் 'ச்சொ' என்று ஒரு சத்தம் பரவியது. முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலைந்து தலைகள் பரிதாபத்தோடு பின்னால் திரும்பி ஜெசிகாவைப் பார்த்தன.

மொட்டையடித்ததைக்கூட மறைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இது மறைப்பதில்லை. அவள் அப்பாவின் சாவை எடுத்து, அதில் தன் கையைத் துடைத்துவிட்டுக் கைதட்டலுக்கு நீட்டுகிறான். அவள் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த குழந்தை இடுப்புக்கு வந்தது.

"கேள்வி நேரம் அப்புறம்தாம்மா" என்றார் சந்தோஷ்குமார்.

"கேள்வி இல்லைங்க சார். அவர் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு." மேடையைப் பார்த்தே சொன்னாள். "பாடற்குழுவுல இருந்து என் பேரை எடுத்தது சர்ச்தான். அது நிஜம், அதை நான் இன்னும் மன்னிக்கலை. ஆனா அன்னைக்கு அவங்க கேட்டுக்கு வந்து கை நீட்டிக் கூப்பிட்டாங்க. என்னை வெளியே நிறுத்தினது அவங்க இல்ல. என் கையை இறுக்கிப் பிடிச்சு நிறுத்தினது இவர்."

மகேந்திரனின் முகத்திலிருந்து மேடை இறங்கிப் போயிற்று. "ஜெசி, வீட்டுல பேசிக்கலாம்" என்றான்.

"இவ்வளவு நேரம் நீ வீட்டு விஷயத்தைத்தானே பேசினே?" அவள் குல்லாவைக் கழற்றினாள். சந்தனம் இன்னும் அங்கங்கே ஒட்டியிருந்தது. "இது இந்த வாரம் மலையில எடுத்த மொட்டை. என்னைக் கேக்காம எடுத்தது. கேட்டா சம்பிரதாயமாம். எங்க அப்பாவுக்கு நான் ஒரு பாட்டு பாடினா மதம். என் பிள்ளைக்கு இவங்க மொட்டை போட்டா சம்பிரதாயம். எது எதுன்னு சொல்ற வேலையை இவருக்கு யாரு குடுத்தது?"

தமிழ்ப்ரியாவுக்கு இத்தனை பேர் தன் தலையைப் பார்ப்பது பிடித்துப்போயிற்று. "அப்பா!" என்று மேடையைப் பார்த்துக் கையாட்டினாள்.

பிறகு நடந்ததைத்தான் ஜெசிகாவால் பொறுக்கவே முடியவில்லை. யாரோ ஒருவர் கைதட்டினார். தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். "ரெண்டு அணிக்கும் பொருந்தற அருமையான பாயிண்ட்டு" என்றார் சந்தோஷ்குமார். "எங்க அணிக்குத்தான் சார் சேரணும்" என்று பிரசாந்த் சிரித்தார். அவளுக்கு யார் பக்கமும் பேச வந்த நினைப்பே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

*

பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் மகேந்திரன் ஓடி வந்து பிடித்துவிட்டான். கையில் அந்தக் குல்லா. மூச்சு வாங்கியது. பேச்சில் ஊர் திரும்பி வந்திருந்தது.

"தப்புத்தான். ஒத்துக்கறேன். பேசறப்ப ஒரு வேகத்துல வந்துருச்சு."

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"நீயும் இனிமே சர்ச்சுக்குப் போ ஜெசி. நான் தடுக்க மாட்டேன். பாப்பாவையும் கூட்டிட்டுப் போ, ஞானஸ்நானம் குடுக்கோணும்னாலும் குடு. பாட்டுப் பாடு. நானே வண்டியில கொண்டாந்து உடறேன். இப்பச் சமமாயிருச்சில்ல?"

தாராளமாகத்தான் சொன்னான். பொய்யாகவும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேட்டருகே, கையைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது. இப்போது ரோட்டோரத்தில் அள்ளி அள்ளிக் கொடுக்கிறான்.

"போகலாம் மகி" என்றாள் ஜெசிகா. "போகலாம், பாடலாம். ஆனா எங்கப்பா இன்னொரு தடவை சாக மாட்டாரே."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற மகேந்திரன் ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகக் குல்லாவைக் குழந்தையின் தலையில் மாட்டப் போனான். "வேணாம்பா, சுடுது" என்று தமிழ்ப்ரியா அவன் கையைத் தட்டிவிட்டாள்.