வெட்டும் முன் எடுத்த படம்

இப்போதெல்லாம் எவனும் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை, பஸ் எப்போது என்று கேட்டாலும் எதையாவது காட்டுகிறான், அரிசி நல்லதா என்றாலும் காட்டுகிறான், இதோ உள்ளே என் வீட்டுக்காரி அமிர்தவள்ளியைப் படுக்கவைத்துப் பித்தப்பையை எடுக்கிறார்கள், எப்படி இருக்கிறாள் என்று நர்ஸைக் கேட்டால் சுவரில் தொங்கும் டிவியைக் காட்டுகிறாள், அதுல பேர் வரும் பாருங்க என்று... எழுத்துக்கூட்டி நான் படிப்பதற்குள் அது ஓடிப்போகிறது. உட்காரு நைனா, பேஜார் பண்ணாதே என்கிறாள் மகள் எழிலரசி. உட்கார மாட்டேன். காலையிலேயே டாக்டரம்மா ஷஹீன் பானுவிடம் கறாராகச் சொல்லியாகிவிட்டது. பையிலிருந்து கல் நழுவிப் பித்தக்குழாயில் இறங்கியிருக்கலாமாம், ஆபரேஷன் நடக்கும்போதே குழாயில் மருந்தேற்றிப் படம் எடுப்பார்களாம், எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் அதில் தெரியுமாம். தொடக்கூடாததை வெட்டிட்டா? கேட்டேன். அந்தம்மா மறைக்கவில்லை, காமாலை வரும், மறுபடி பெரிய ஆபரேஷன், அதுக்குத்தான் ஐயா படமே என்றார். அப்படியென்றால் அந்தப் படத்தை என் கண்ணால் பார்க்காமல் நகர மாட்டேன் என்றேன். நீ பாத்து இன்னா பண்ணப் போற, என்றாள் எழிலரசி. டேனரியில் தோலைப் பார்த்துத் தரம் பிரித்தே சோறு தின்றவன்டி நான்.

கதவு திறந்தது. டாக்டரம்மாவின் முகத்தில் களைப்பு, கையில் போன். "நல்லபடியா முடிஞ்சுது ஐயா. கல் எதுவும் கீழ எறங்கல. கேட்டீங்களே, வெட்டறதுக்கு முன்னாடி எடுத்தது, பாருங்க." சாம்பலாக ஒரு மூட்டம், அதற்குள் கறுப்பாக ஒரு கிளை, மேலே விரல்விரலாகப் பிரிந்து, கீழே தடையில்லாமல் குடலில் போய் இறங்குகிறது... அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் இடிக்கிறது. டேனரிக்குத் தோல் வாங்கப் பார்ட்டி வந்தால் கட்டின் மேலே கிடப்பது எப்போதும் பழுதில்லாத தோல், தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான், நடுவிலிருந்து ஒன்றை உருவிக் காட்டு என்கிறவன்தான் வியாபாரி. இதுவும் மேல்தோலா? வருகிறவனுக்கெல்லாம் காட்ட ஒன்று வைத்திருப்பார்களோ? "இது அவளோடதுதான்னு இன்னா ருசு?" கேட்டேவிட்டேன். "நைனா!" எழிலரசி தலையில் அடித்துக்கொண்டாள். ஓரத்தில் பேர் இருக்கிறதாம். பேரா? கட்டுக்குச் சீட்டு ஒட்டுகிறவன் எதை வேண்டுமானாலும் ஒட்டுவான். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை, "சரி ஐயா, எதைப் பாத்தா நம்புவீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன்... எதைச் சொல்வது? ஆட்டுத்தோல் என்றால் உண்ணி கடித்த வடு, முள் கிழித்த கோடு, சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்து சாயம் ஏறினாலும் இது போன மாசம் என் கையில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். இவளை எதை வைத்துச் சொல்வது? சோறு தின்றதும் வலது விலாவை அழுத்திப் பிடிப்பாள், வாயு என்பாள், சோடா குடிப்பாள்... எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்குள்ளே கிளை இப்படிப் பிரிகிறதா அப்படிப் பிரிகிறதா, நான் எங்கே கண்டேன்? வேறொருத்தியின் படத்தைக் காட்டியிருந்தாலும் இப்படித்தான் நின்றிருப்பேனா? போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அவ கண்ணத் தொறக்கட்டும். வெள்ளையா, காமாலை மஞ்சளான்னு நானே பாத்துக்கறேன், நாளைக்கும் பாப்பேன், அதுக்கு மறுநாளும் பாப்பேன்." அவளைக் கிடத்தியிருக்கும் வார்டு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தேன், பின்னால் எழிலரசி எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கட்டும், அவள் நம்பிவிட்டாள், எனக்கு இன்னும்...