செடிக்கு வளைந்த முதுகு

எமர்ஜென்சி வந்த வருசம் புரட்டாசியில், கம்பம்மெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்தில், இன்பமேரியின் முதுகு மனிதர்களுக்கு முன்னால் வளையாமல் போனது. ஏலச்செடிக்கு வளைந்தது, அடுப்புக்கு வளைந்தது, பிள்ளைக்குக் கால் கழுவிவிட வளைந்தது. ஆளுக்கு மட்டும் இல்லை. மிளகு விலை ஏறியதையும் இதையும் கூலிக்காரர் வரிசைவீடுகளான லயத்தில் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள்.

காரணம் ஒரு கோட்டு. முந்தின கிறிஸ்துமஸுக்குக் கடல்கடந்த தேசத்து உதவிச் சங்கம் ஒன்று கோயிலுக்குப் பொதி பொதியாகக் கம்பளி உடுப்பு அனுப்பியது. கூடவே வந்த வெள்ளைக்காரம்மா ஜனநாயகம், மனித உரிமை, ஓட்டு, சட்டம் என்று வெயில் தாழும்வரை பேசினாள். உபதேசியார் சூசையப்பனுக்கு இங்கிலீஷ் ஜெபம்வரைக்கும்தான் ஓடும். வேர்த்து விறுவிறுத்துப்போய், "எல்லாரும் நிமிந்து நில்லுங்கன்னு அம்மா சொல்லுதாக" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் எழுந்து நின்றது. தன் பேச்சுக்குத்தான் இந்த மரியாதை என்று அந்த அம்மா கண்கலங்கினாள். இன்பமேரிக்குக் கிடைத்தது கொம்புப் பித்தான் வைத்த பச்சைக் கோட்டு. உபதேசியாரின் வார்த்தை அதன் உள்துணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டதை யாரும் கவனிக்கவில்லை. மற்றவையெல்லாம் சும்மா கோட்டுகள்தான். நல்லநாளைக்கு ஆகட்டும் என்று அவள் அதைப் பெட்டியில் வைத்தாள்.

நல்லநாள் வரவில்லை, போலீஸ் ஜீப் வந்தது. பிள்ளைபெற்ற உடம்பை மழையில் வேலைக்கு இழுக்காதீர்கள் என்று தொழிற்சங்கத்தில் பேசிய குற்றத்துக்கு அவள் புருசன் பவுல்ராஜை ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத்துத் தொரை ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். அந்த வார்த்தைக்குப் பங்களாப் படியில் இடுப்பு ஒடியக் கும்பிட வேண்டும். குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவள், படியில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியப் பார்த்தாள். முதுகு நட்ட கம்பாக நின்றது. கோட்டு கீழே கிடந்தது, நிமிர்வு உடம்புக்குள் ஏறியிருந்தது.

"கும்பிடத் தெரியாதவளுக்குப் புருசன் எதுக்கு?" என்று தொரை கதவைச் சாத்தினார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வீட்டில் மாமியார் சிசிலி மாரில் அடித்துக்கொண்டாள். "கொஞ்சம் குனிஞ்சா கொறஞ்சா போயிருவ? எம்புள்ளய உள்ளயே வச்சிட்டியேட்டி!"

"முதுகு கேக்க மாட்டேங்கு அத்தை" என்று இன்பமேரி அழுதாள். அவன் எலும்பாவது மிஞ்சுமா என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் காம்பரா வீட்டுச் சுருளியம்மாள்தான் வழி சொன்னாள்: "இவளுக்குப் பதிலா நாம போயிக் கும்பிடுவோம்." லயத்துப் பெண்கள் எல்லோரும் கிளம்பினார்கள். ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. நடுங்கினவளுக்கெல்லாம் அந்த ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போர்த்திவிட்டார்கள். பங்களாவை எட்டியபோது கும்பிட வந்தவர்களில் ஒருத்தியாலும் குனிய முடியவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த தொரை முதன்முறையாக முகங்களைப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் தலைக்கட்டுத் துணிகள்தான். இவர்களுக்குக் கண்கள் உண்டு, அதில் சிலருக்குப் பூனைக்கண் என்பதே அவருக்குச் செய்தி. மழை ஓய்ந்தது. அவருடைய கை அவரைக் கேட்காமலே தொப்பியைக் கழற்றியது. பிறகு உள்ளே போய் ஸ்டேஷனுக்கு டெலிபோனைச் சுற்றினார். அப்போது மலையே மூச்சடக்கி நின்றதாகச் சுருளியம்மாள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பவுல்ராஜ் வந்தான், ஆனால் அரிவாளாக வளைந்து வந்தான். அடித்து வளைத்திருந்தார்கள். பிள்ளையைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியாமல் மண்ணைப் பார்த்தே பேசினான். அதற்குள் கோட்டை வெட்டி, குழந்தைகளுக்குக் குல்லாயாக வீடுவீடாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் ஒரு கொம்புப் பித்தான். அதை இன்பமேரி அவன் சட்டையில் தைத்து, மாட்டிவிட்டாள். காய்ந்த மூங்கில் நெட்டி முறிக்கும் சத்தத்தோடு அவன் நிமிர்ந்தான், நிமிர்ந்துகொண்டே போனான், தலை லயத்து வாசல்நிலையில் இடித்தது.

"குனிஞ்சு வாங்க" என்றாள் பழக்கதோசத்தில்.

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

மறுவருசம் கொத்தனார் குப்பண்ணன் லயத்து நிலைகளையெல்லாம் ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். காரணம் அவரும் கேட்கவில்லை, தோட்டக் கம்பெனியும் கேட்கவில்லை.