பிராசஸருக்கு விபூதி

முத்துக்கிருஷ்ணனைப் போல ஒரு மேதாவியைத் திண்டுக்கல் இதற்கு முன்னால் கண்டதில்லை. பூட்டு வியாபாரத்தில் நொடித்துப்போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்து, கல்யாண வீடியோ மிக்ஸிங் என்று போர்டு மாட்டியவர். மாப்பிள்ளை தலையைச் சுற்றி ரோஜாப்பூ பறக்கவிட்டு, பொண்ணை நிலாவுக்குள் உட்காரவைத்து, சிடி போட்டுக் கொடுப்பார். கம்ப்யூட்டரைப் பற்றி அந்த மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம், ஆன் பண்ணுவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது மட்டும்தான். 2001இல் அந்த மிஷினை மாட்டிக் கொடுத்தவன் நான். எதிர்ச்சாரியில் கீழே என்னுடைய சர்வீஸ் கடை.

மூன்று வருஷம் ஓடிய மிஷின் ஒருநாள் வேலைக்கு நடுவே தானாக அணைய ஆரம்பித்தது. கூப்பிட்டார், போய்த் திறந்து பார்த்தேன். பிராசஸர் என்கிற சில்லுதான் உள்ளே கிடந்து சூடாகிறது. அதன் தலையில் ஒரு அலுமினியக் கட்டி, கட்டிக்கு மேலே ஃபேன். சில்லும் கட்டியும் என்னதான் ஒட்டி உட்கார்ந்தாலும் நடுவே பொடிப்பொடியாகக் காற்று நிற்கும், காற்று நின்றால் சூடு மேலே ஏறாது. அந்த இடுக்கை அடைக்கத்தான் ஒரு வெள்ளைப் பசை. மூன்று வருஷச் சூட்டில் அது காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் பையிலிருந்து புது ட்யூபை எடுத்தேன்.

"பொறு அப்பு" என்றார். ட்யூபைப் பிடுங்கி, துளி பிதுக்கி, விரலில் தேய்த்து, மோந்தும் பார்த்தார். "வெள்ளைப் பொடிய எண்ணெயில கொழச்சிருக்கான். அம்புட்டுத்தேன். இதுக்குப் போயி மதுரையில இருந்து ட்யூபு வாங்கியாந்தியாக்கும்?"

"அண்ணே, அது வேற பொடி, வேற எண்ணெய்."

"முப்பது வருசம் பூட்டுக்குக் கிரீசு போட்டவன்டா நானு. எனக்கே பாடம் நடத்துறியா?"

சாமி படத்துக்கு முன்னாலிருந்த பழனி விபூதியை ஒரு கை அள்ளினார். தேங்காய் எண்ணெயை விட்டுக் குழைத்தார். பிராசஸர் மேல் பட்டையாக இழுத்தார். நான் அரிசி அளவு வைக்கிற இடத்தில் இவர் அரைக் கரண்டி. "பழனியாண்டவன் பாத்துக்கிருவான்" என்று சொல்லி அவரே கட்டியை அழுத்தி மாட்டினார். பழனியாண்டவனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

எரிச்சல் என்னவென்றால், மிஷின் ஓடியது. ஐம்பத்து மூன்று டிகிரி காட்டியது. என் பசை போட்டிருந்தால் ஐம்பத்தொன்று காட்டியிருக்கும். இரண்டு மணி நேரம் வீடியோ ஓட்டிப் பார்த்தார், அணையவில்லை. உடனே மாடிக் கைப்பிடிக்கு வந்து டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

"ஏலே பாண்டியராஜு! ஒன் மதுரை ட்யூப வச்சு நீயே பல்லு வெளக்கிக்க!"

டீக்கடையே சிரித்தது. ஒரு வாரம் எனக்கு 'ட்யூபு' என்றுதான் பெயர். பட்டம் எடுத்த கம்ப்யூட்டர்காரன் இல்லையாம் நான், பசை விற்கிறவனாம். த்தூ!

எனக்குத் தெரியும். எந்தக் குழம்பைப் பூசினாலும் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். பசையின் யோக்கியதை முதல் நாளில் தெரியாது, போகப்போகத்தான் தெரியும். தேங்காய் எண்ணெய் சூட்டில் இளகி ஓரமாக வடிந்துபோகும். மிச்சம் நிற்பது வெறும் சாம்பல். சாம்பல் மூடிய கங்கு மறுநாள் காலைவரை கனன்றுகொண்டிருக்கும் என்று அடுப்பூதுகிற எவளைக் கேட்டாலும் சொல்லுவாள். இந்தப் பூட்டுக் கடை விஞ்ஞானிக்குத்தான் தெரியாது.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் தாங்கும் என்று கணக்குப்போட்டு, தினசரி காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பத்தொன்பதாம் நாளே மாடிக்கு ஒரு டேபிள் ஃபேன் போயிற்று. மறுநாள் இன்னொன்று. பிறகு ஐஸ்கட்டி. நான் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தபடி கூடுதலாக ஒரு டீ குடித்தேன். அந்த டீயின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அந்த வாரம்தான் கௌசல்யா வந்தாள். கழுத்தில் மஞ்சள் காயாத புதுத்தாலி. சித்தையன்கோட்டைக்காரி. மாடிக்குப் போய்விட்டு இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்த மிஷினப் பாக்குறது நீங்கதானாம்ல? ஏங் கல்யாண சிடி அதுக்குள்ளதேன் இருக்கு. நாலு நாளா நாளைக்கி நாளைக்கின்னு சொல்றாரு. ஓட்டுனா இருவது நிமிசத்துல அணைஞ்சு போகுதாம்."

"அப்படியா?" என்றேன். உள்ளுக்குள் இனித்தது.

"எங்கப்பா கல்யாணத்துக்கு வரலண்ணே. அதுக்கு மொத வாரம் வாதம் வந்து பெரியாஸ்பத்திரியில கெடந்தாரு. தேதிய மாத்த வேணாம்னு அவருதேன் சைகை காட்டுனாரு. இப்ப வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். பேச்சு இல்ல, ஆனா நெனவு தெளிவா இருக்கு. தெனம் டிவியக் கையக் காட்டுறாரு. அவரு பாக்கணும்ணே."

"ஏம்மா, நான் மாட்டேன்னா சொல்றேன்? அந்த ஆளு வந்து கூப்பிடட்டும். கூப்பிடாம ஒருத்தர் கடைக்குள்ள ஏறி மிஷினைத் தொட முடியுமா?"

"நான் கூப்பிடுறேனேண்ணே."

"அவரு கூப்பிடணும்."

"இன்னும் எம்புட்டு நாளுன்னு ஆஸ்பத்திரியில சொல்லலண்ணே. இப்ப நல்லா இருக்காரு. அம்புட்டுத்தேன் சொன்னாக."

"அந்த மாடி ஆளையே கேளு தாயி. முருகன் பாத்துக்கிறதாச் சொன்னாரு."

அவளுக்கு அது புரியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். முத்துக்கிருஷ்ணன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கவில்லை, நான் ஏறவில்லை.

அதிலிருந்து ஐந்தாம் நாள் இறங்கி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "பாண்டியராஜு, வந்து பாரப்பா" என்றார்.

"எதுக்குண்ணே? விபூதி தீந்துபோச்சா?"

டீக்கடை காதைத் தீட்டியது. நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தப்புதேன்" என்றார்.

"கேக்கல."

"விபூதியப் போட்டது ஏம் புத்திகெட்டத்தனம். போதுமாடா?"

போதும். மாடி ஏறினேன். கட்டியைக் கழற்றினால், நினைத்த மாதிரியே எண்ணெய் வடிந்து ஓரத்தில் மஞ்சள் பிசுக்காக நிற்கிறது, நடுவில் கருகிய சாம்பல். அவருக்குக் காட்டிக் காட்டித் துடைத்தேன். அரிசி அளவு பசை வைத்தேன். கட்டியை மாட்டினேன். கடிகாரத்தைப் பார்த்து, "கால் மணி நேரம்ணே. இதுக்குத்தேன் இம்புட்டு ஆட்டம்" என்றேன். மிஷின் எட்டு மணி நேரம் ஒரு மூச்சாக ஓடி முழுக் கல்யாணத்தையும் முடித்தது.

கௌசல்யா வீட்டார் முகத்தில் விழிக்க முத்துக்கிருஷ்ணனுக்குத் தைரியம் இல்லை. சிடியை நான் கொண்டுபோவதாகச் சொன்னேன். இரக்கம் எல்லாம் இல்லை. எவன் கெடுத்தான், எவன் சரிசெய்தான் என்று அங்கேயும் ஒருமுறை சொல்ல ஆசை. டவுன் பஸ்ஸில் போகும்போது அதை எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே கட்டிலில் அவள் அப்பா பொன்னுத்துரை மல்லாக்கக் கிடந்தார். மூச்சு மட்டும் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தலைமாட்டில் இருந்த ஒரு பெரியம்மா பஞ்சில் பால் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநா மத்தியானத்துல இருந்து இப்பிடித்தேன்" என்றாள் கௌசல்யா. "அதுவரைக்கும் டிவியக் காட்டிக்கிட்டே இருந்தாரு."

சிடியை வாங்கிப் பிளேயரில் போட்டாள். டிவியைக் கட்டில் பக்கமாகத் திருப்பி வைத்தாள். நாயனம் ஆரம்பித்தது. மணவறையில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், சுற்றி ரோஜாப்பூ பறந்தது. பொன்னுத்துரையின் கண் அசையவில்லை.

"மிஷினு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. "பசை காஞ்சுபோச்சு" என்றேன்.

"சரி பண்ண எம்புட்டு நேரம் ஆச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் என்றிருக்கலாம். "கால் மணி நேரம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வைது தீர்த்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் திரும்பி, கெட்டிமேளம் வரும் நேரத்துக்கு டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, அப்பாவின் காதுப் பக்கம் குனிந்தாள்.

"அப்பா, தாலி கட்டுறாகப்பா" என்றாள்.